இரண்டு பதிவேடுகளுக்கு நடுவே

2023 பிப்ரவரி 15. புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலைப் பக்கத்துப் பிலிப்பட்டி அரசு நடுநிலைப் பள்ளியின் கால்பந்து அணிச் சிறுமிகள், ஆசிரியர்கள் துணையுடன் திருச்சி மாவட்டம் தொட்டியம் அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நடந்த போட்டிக்குப் போயிருந்தார்கள். போட்டி முடிந்தது. தொட்டியம் காவிரியின் வடகரை. எதிர்க்கரையில் கரூர் மாவட்டத்து மாயனூர், அங்கே ஆற்றின் குறுக்கே கதவணை. ஊருக்குத் திரும்பாமல் மாயனூருக்குப் போனார்கள். ஆற்றில் இறங்கிய சிறுமிகளில் நான்கு பேர் மூழ்கி இறந்தார்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்.

முதலமைச்சர் நிவாரணம் அறிவித்தார். தலைமையாசிரியர் உட்பட மூவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஊர் அழுதது. சில நாட்களில் செய்தித்தாள்கள் வேறு பக்கம் திரும்பின.

இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஆற்றையும் ஆசிரியர்களையும் பேசுகிறார்கள். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. அந்த நாளில் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே 'ஓ.டி.' (ஆன் டியூட்டி) என்று எழுதியிருப்பார்கள். பள்ளியைப் பொறுத்தவரை அவர்கள் கல்லூரியில் இருந்தார்கள். கல்லூரியைப் பொறுத்தவரை போட்டி முடிந்து போய்விட்டார்கள். ஒரு பதிவேட்டிலிருந்து வெளியேறி இன்னொன்றில் ஏறாத அந்தச் சில மணி நேரத்தில்தான் ஆறு இருந்தது.

கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களில் நடக்கும் சிறார் முகாம்கள், போட்டிகள், பயிற்சிகள் பற்றிய கேள்வி முழுவதும் இந்த இடைவெளிக்குள்தான் கிடக்கிறது. பள்ளிக்குச் சட்டம் இருக்கிறது, வகுப்பறைக்கு விதி இருக்கிறது, விடுதிக்கு உரிமம் இருக்கிறது, பள்ளிப் பேருந்துக்குத் தனி விதிகளே இருக்கின்றன. முகாம் இவற்றில் எதுவும் இல்லை. மூன்று நாளோ பத்து நாளோ ஒரு வளாகம் தனக்குச் சொந்தமில்லாத பிள்ளைகளைக் கடன் வாங்குகிறது. கடன் வாங்கிய பாத்திரத்துக்கே நம் ஊரில் ஒரு கணக்கு உண்டு.

புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் பல்கலைக்கழகத் தலைமையிடம் எதுவும் கிடையாது. இங்குள்ள கலைக் கல்லூரிகள் திருச்சியில் 1982-இல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. ஆனால் வளாகங்களுக்குக் குறைவில்லை. நகரின் நடுவே சமஸ்தான காலத்து மன்னர் கல்லூரி, பெண்களுக்கான அரசுக் கலைக் கல்லூரி, புறநகரில் பொறியியல் கல்லூரிகள், முள்ளூரில் 2017-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி, குடுமியான்மலையில் வேளாண் கல்லூரி. விடுமுறை வந்தால் இவற்றில் பல, பிள்ளைகளுக்காகக் கதவைத் திறக்கின்றன. கைப்பந்துப் பயிற்சி, அறிவியல் முகாம், பள்ளிகளுக்கு இடையிலான போட்டி, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு வழிகாட்டி நிகழ்ச்சி என்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இப்படிப்பட்ட இரண்டு மூன்று நாள் விளையாட்டுப் பயிற்சிக்குக் 'கிளினிக்' என்றே பெயர். நம் ஊரில் அப்படிப் போட்டால் காய்ச்சல்காரர்கள்தான் வரிசையில் நிற்பார்கள்.

எதிர்த் திசையிலும் ஓர் ஓட்டம் உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் கிராமத்துக்குப் போவது. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம் ஏழு நாள். தத்தெடுத்த ஊரின் பள்ளிக் கட்டடத்தில் படுத்து, கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலம் வெட்டி, கோயில் வாசலைக் கூட்டி, மாலையில் மேடை போட்டுப் பேசிவிட்டு வருவது. நானும் மாணவனாக அப்படி ஒரு முகாமுக்குப் போனவன். காலில் முள் ஏறி மறுபக்கம் வந்த ஒரு பையனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக எங்களிடம் இருந்தது, ஊர்க்காரர் ஒருவரின் டிவிஎஸ் 50. முதலுதவிப் பெட்டியில் இருந்தது ஒரு டெட்டால் பாட்டில், அதுவும் காலி. அப்போது அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

வளாகத்துக்கு வரும் ஆபத்துகளில் முதலாவது, அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வாசல் வழியாகவே வருவது.

2018 ஜூலை 12 அன்று கோவை மாவட்டம் நரசிபுரத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பேரிடர் மீட்புப் பயிற்சி நடந்தது. கீழே மாணவர்கள் வலையைப் பிடித்து நிற்க, மாடியிலிருந்து குதிக்க வேண்டும். தயங்கிய 19 வயது மாணவியைப் பயிற்சியாளர் தள்ளிவிட்டார். சன்ஷேடில் தலை மோதி அந்தப் பெண் இறந்தார். பயிற்சியாளர் தன்னைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொண்டவர். அவருக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று ஆணையம் பிறகு அறிவித்தது. எப்படித் தப்பிப் பிழைப்பது என்று கற்றுக்கொடுக்க வந்த இடத்தில் நடந்த சாவு இது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டு முதல் பாதியில், கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் 'என்.சி.சி. முகாம்' என்ற பெயரில் சில நாட்கள் முகாம் நடந்தது. கலந்துகொண்டவர்களில் 17 பேர் சிறுமிகள். இரவில் பள்ளி அரங்கில் தங்கினார்கள். அங்கே ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். மற்றவர்களும் சீண்டலுக்கு உள்ளானதாகப் புகார் வந்தது. விசாரித்தால், அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே கிடையாது. முகாம் நடத்தியவர்களுக்கும் என்.சி.சி.க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிள்ளைகள் சொன்னபிறகும் பள்ளி தரப்பில் காவல் துறைக்குத் தகவல் போகவில்லை. பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். முதன்மைக் குற்றவாளியாகச் சொல்லப்பட்டவர், காவலில் இருந்தபோதே, கைதுக்கு முன் எலி மருந்து சாப்பிட்டிருந்ததால் இறந்துபோனார். அரசு சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது.

இந்த இரண்டிலும் ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது. என்.சி.சி. என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குவது. முகாம் நடத்துவது பட்டாலியன். கட்டளை அதிகாரியின் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். யாரும் போடவில்லை. காரணம் சோம்பல் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். காக்கிச் சீருடை, விசில், 'அட்டென்ஷன்' குரல் ஆகியவற்றின் முன்னால் நம் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கேள்வி கேட்கும் பழக்கம் போய்விடுகிறது. ஒழுக்கம் கற்பிக்க வந்தவரிடம் 'உங்கள் கடிதத்தைக் காட்டுங்கள்' என்று கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. இலவசமாக நடத்தித் தருகிறேன் என்றால் இன்னும் மோசம். இலவசமாக வருபவரிடம் சான்றிதழ் கேட்க நமக்கு வாய் வராது.

அந்நியனால் வரும் ஆபத்து இது. உள்ளே இருப்பவரால் வரும் ஆபத்துக்கு உலகம் எடுத்துக்காட்டும் பெயர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம். ஜெர்ரி சாண்டஸ்கி அங்கே அமெரிக்கக் கால்பந்து அணியின் துணைப் பயிற்சியாளராகப் பல்லாண்டு இருந்தவர். ஏழைச் சிறுவர்களுக்கென்று 1977-இல் ஒரு தொண்டு நிறுவனமும் தொடங்கியவர். 1999-இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகும் விளையாட்டுக் கட்டடங்களுக்குள் போய்வரும் உரிமை அவருக்குத் தொடர்ந்தது. அந்தச் சிறுவர்களை அங்கேயே அழைத்து வந்தார். 2001-இல் குளியலறையில் ஒரு சிறுவனோடு அவரைக் கண்ட உதவிப் பயிற்சியாளர் மேலிடத்தில் சொன்னார். மேலிடம் காவல் துறைக்குச் சொல்லவில்லை. பத்தாண்டு கழித்து 2011-இல்தான் கைது. 2012 ஜூனில் 45 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது. பல்கலைக்கழகத் தலைவர் பதவி இழந்தார். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 6 கோடி டாலர் அபராதம் போட்டது.

அதற்குப் பிறகுதான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 'எங்கள் வளாகத்தில் பதினெட்டு வயதுக்குக் கீழே யார் யார், எந்த நேரத்தில், யாருடைய பொறுப்பில் இருக்கிறார்கள்' என்று தங்களையே கேட்டுக்கொண்டன. பலவற்றிடம் விடை இல்லை. இசைத் துறை ஒரு முகாம் நடத்தும், நீச்சல் பயிற்சியாளர் தனியாக ஒன்று நடத்துவார், வெளியார் ஒருவர் அரங்கை வாடகைக்கு எடுத்து இன்னொன்று நடத்துவார், நிர்வாகத்துக்குத் தெரியாது. இன்று அங்கே பெரும்பாலான வளாகங்களில் சிறார் நிகழ்ச்சி எதுவானாலும் முதலில் பதிவு செய்தாக வேண்டும். வேலை செய்பவர்களின் பின்னணி சரிபார்க்கப்பட வேண்டும். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய இடத்தில் தனித்திருக்கக் கூடாது.

இந்த மூன்றில் நமக்கு முதலில் வேண்டியது எது என்று கேட்டால், பதிவுதான் என்பேன். பின்னணிச் சரிபார்ப்பை எல்லோரும் பெரிதாகப் பேசுகிறோம். ஆனால் அது பிடிபட்டவர்களைத்தான் காட்டும். சாண்டஸ்கிக்கு 2001-இல் காவல் துறைச் சரிபார்ப்பு செய்திருந்தால் சுத்தமாகத்தான் வந்திருக்கும். தனித்திருக்கக் கூடாது என்ற விதி, பிடிபடாதவரையும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அந்த விதியை யார் கண்காணிப்பது என்று தெரிய வேண்டுமானால், முகாம் ஒன்று நடக்கிறது என்று முதலில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மாவட்டத்தில் இந்த மே மாதம் எத்தனை முகாம், எந்த வளாகத்தில், எத்தனை பிள்ளைகள் என்று ஒரே தாளில் சொல்லும் அலுவலகம் எது? மாவட்ட விளையாட்டு அலுவலருக்கு அவர் நடத்தும் முகாம் தெரியும். முதன்மைக் கல்வி அலுவலருக்குப் பள்ளி அனுப்பியது தெரியும். கல்லூரி முதல்வருக்குத் தன் மைதானம் தெரியும். மூன்று பேரும் பார்ப்பது யானையின் மூன்று உறுப்புகள்.

நம்மிடம் சட்டம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்ததாகவோ நடக்கப்போவதாகவோ அறிந்த எவரும் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. 'முதலில் நாங்கள் விசாரிக்கிறோம்' என்று கமிட்டி போட அதில் இடமில்லை. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. 2020-இல் வந்த போக்சோ விதிகள் இன்னும் தெளிவு. பள்ளி, குழந்தைகள் காப்பகத்தோடு விளையாட்டு அகாதமிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பிள்ளைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரையும், ஒப்பந்தப் பணியாளர் உட்பட, காவல் துறை வழியாகச் சரிபார்க்க வேண்டும், பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்கின்றன. ஆனால் அந்த விதி 'தொடர்ந்து பிள்ளைகளோடு பழகும் நிறுவனம்' என்று பேசுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நாள் மைதானம் திறக்கும் கல்லூரி 'நாங்கள் அதில் வரமாட்டோம்' என்று நினைத்துக்கொள்ளலாம். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

கல்லூரிகள் கவனிக்கத் தவறும் இன்னொன்று உண்டு. முதலாண்டில் சேரும் பிள்ளைகளில் பலருக்கு வயது பதினேழு. அவர்கள் போக்சோ சட்டப்படி குழந்தைகள். கல்லூரிக்குள் நுழைந்ததும் பெரியவர்களாகிவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம், சட்டம் எண்ணவில்லை. ஏழு நாள் முகாமுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் திட்ட அலுவலர், தன் பட்டியலில் பதினெட்டு நிரம்பாதவர் எத்தனை பேர் என்று பிறந்த தேதியைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

பெண் பிள்ளைகளோடு பெண் பொறுப்பாளர் போக வேண்டும் என்பது பள்ளிக்கூட வழக்கத்தில் எப்போதோ வந்துவிட்டது. தேசிய விளையாட்டில் வந்தது 2022-இல். சுலோவீனியாவில் பயிற்சியில் இருந்த சைக்கிள் வீராங்கனை ஒருவர் தன் பயிற்சியாளர் மீது புகார் கொடுத்த பிறகு, வீராங்கனைகள் போகும் அணிகளில் பெண் பயிற்சியாளரும் போக வேண்டும் என்று இந்திய விளையாட்டு ஆணையம் உத்தரவு போட்டது. நம் உள்ளூர் நிலைமையோ, ஊராட்சிப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருந்தாலே பெரிய காரியம். அதனால் கணக்கு டீச்சரோ சத்துணவு அமைப்பாளரோ துணைக்குப் போகிறார்கள். போகட்டும், தப்பில்லை. நீச்சல் தெரியுமா, முதலுதவி தெரியுமா, சம்பவம் நடந்தால் யாருக்கு முதலில் போன் செய்வது என்று யாராவது அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

வாசல் கட்டுப்பாடு பற்றி 2024 டிசம்பர் 23-க்குப் பிறகு நிறையப் பேசிவிட்டோம். அன்றிரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் வெளியாள் ஒருவர் மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்தார். 2025 ஜூனில் அவருக்குக் குறைந்தது 30 ஆண்டு கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை கிடைத்தது. வளாகங்கள் கேமரா வாங்கின, விளக்குப் போட்டன, அடையாள அட்டை கேட்டன. அந்த வழக்கில் நான் மறக்காமல் வைத்திருப்பது வேறொன்று. முதல் தகவல் அறிக்கை கசிந்து, அந்தப் பெண்ணின் அடையாளம் வெளியே போனது. உயர் நீதிமன்றம் அதற்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. நாளை புதுக்கோட்டையில் ஒரு முகாமில் ஒரு பிள்ளை வாய் திறந்து புகார் சொன்னால், அன்று மாலைக்குள் அந்த ஊர் வாட்ஸ்அப் குழுவில் பெயர் வராமல் காப்பது கேமராவின் வேலை இல்லை. சிறிய ஊர்களில் பிள்ளைகள் புகார் சொல்லாமல் இருப்பதற்கு முதல் காரணமே இதுதான்.

இங்கே எனக்கு நம் மாவட்டத்தின் இன்னொரு பெருமை ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டிலேயே அதிக வாடிவாசல்கள் உள்ள மாவட்டம் என்று நம்மைச் சொல்கிறார்கள். ஆண்டின் முதல் சல்லிக்கட்டு வழக்கமாகத் தச்சன்குறிச்சியில்தான் திறக்கும். 2017-இல் வந்த சட்டத் திருத்தமும் விதிகளும், உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் கொடுத்த ஒப்புதலும் சேர்ந்து, இன்று சல்லிக்கட்டு நடத்துவது ஒரு பெரிய காகித வேலை. ஆட்சியரின் அனுமதி இல்லாமல் ஒரு மாடும் வெளியே வராது. வருவாய், காவல், கால்நடை, சுகாதாரம் எல்லாத் துறையும் களத்தைப் பார்க்கும். காளைக்கு மருத்துவச் சோதனை, மாடுபிடி வீரருக்கு மருத்துவச் சோதனை, முதுகில் எண் போட்ட பனியன், தடுப்பு வேலி, மருத்துவ முகாம், ஆம்புலன்ஸ். இத்தனைக்குப் பிறகும் உயிர் போகிறது; 2019 ஜனவரியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட காளைகளை அவிழ்த்த விராலிமலையில் இருவர் இறந்தார்கள். ஆனால் அது யாருக்கும் தெரியாமல் நடக்கவில்லை. எத்தனை மாடு, எத்தனை வீரர், எத்தனை டாக்டர் என்று கேட்டால் சொல்ல ஆள் இருந்தது.

அதே விராலிமலைப் பக்கத்திலிருந்துதான் அந்தக் கால்பந்து அணியும் கிளம்பியது. ஒரு காளை வாடிவாசலைத் தாண்டுவதற்கு முன் கடக்கும் கையெழுத்துகளின் எண்ணிக்கையை, ஒரு சிறுமி வேற்று மாவட்டத்துக் கல்லூரிக்குப் போவதற்கு முன் கடக்கும் கையெழுத்துகளோடு வைத்துப் பாருங்கள். நான் சல்லிக்கட்டுக்குக் காகிதம் குறைய வேண்டும் என்று சொல்லவில்லை. ஆபத்தானது என்று ஒப்புக்கொண்ட விளையாட்டுக்கு நம்மால் ஏற்பாடு செய்ய முடிகிறது. ஆபத்தில்லை என்று நினைத்துக்கொண்ட இடத்தில்தான் ஒன்றுமே செய்வதில்லை.

கெட்ட மனிதர்களைப் பற்றியே பேசினால் வெயிலை மறந்துவிடுவோம். முகாம்கள் நடப்பது ஏப்ரலிலும் மே மாதத்திலும். பள்ளி விடுமுறை அப்போதுதான். அக்னி நட்சத்திரமும் அப்போதுதான். பழைய பயிற்சியாளர்களுக்கு இது தெரியும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடை முகாம்கள் காலை வெயில் ஏறும் முன்னும் மாலை வெயில் தாழ்ந்த பின்னும் நடப்பது அதனால்தான். சிக்கல், மூன்றே நாளில் எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்க நினைக்கும் குறும்பயிற்சிகளில். காலை 11 மணிக்கு, நிழலில்லாத செம்மண் மைதானத்தில், தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்டு நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீரைத் தண்டனையாக நிறுத்தும் பயிற்சியாளர்களும் உண்டு. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பிள்ளை உளற ஆரம்பித்தால் அது மயக்கம் இல்லை, வெப்பவாதம். ஆம்புலன்சுக்குக் காத்திருக்கும்போதே உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக் குளிர்விக்க வேண்டும். சோடா கொடுத்து நிழலில் உட்கார வைத்தால் போதாது.

கோடை மழையோடு வரும் இடியை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. மைதானத்து ஓரப் புளியமரம்தான் பிள்ளைகள் ஓடி ஒதுங்கும் இடம். அதுதான் ஒதுங்கக் கூடாத இடமும்.

இரவில் இன்னொன்று. முகாம் பிள்ளைகள் கட்டிலில் படுப்பதில்லை. வகுப்பறைத் தரையில், அரங்கின் ஓரத்தில், ஜமுக்காளம் விரித்து வரிசையாகப் படுக்கிறார்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தூங்குபவரைக் கடிப்பது அதன் வழக்கம். கடி வலிக்காது, தடமும் பல சமயம் தெரியாது. விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எழும், பிறகு இமை கனத்துத் தொங்கும். நேற்று ராத்திரி சாப்பிட்ட பரோட்டா என்று நினைத்து ஜெலுசில் கொடுத்தால் நேரம் போய்விடும். தரையில் தூங்கியவருக்கு விடியலில் காரணம் தெரியாத வயிற்று வலி என்றால், பாம்பு விஷமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேரே போக வேண்டும். முள்ளூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நகரத்து முகாமுக்குப் பக்கம். மணமேல்குடிப் பக்கம் முகாம் என்றால் அறந்தாங்கி. எது பக்கம், இரவில் யார் வண்டி ஓட்டுவார் என்பது முதல் நாள் மாலையே தெரிந்திருக்க வேண்டும். கொசுவலையை ஜமுக்காளத்துக்கு அடியில் செருகிப் படுப்பது பாதி வேலையைச் செய்துவிடும், செலவும் அதிகமில்லை.

கல்குவாரிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரிக் குழிகள் மழைநீர் நிறைந்து பச்சையாகக் கிடக்கின்றன, நார்த்தாமலைச் சுற்றுவட்டம் உட்பட. குளம் போல இறங்க இறங்க ஆழமாவதில்லை அவை. முதல் காலடியிலேயே ஆள் மூழ்கும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. நீர் தெரியாத பிள்ளைகளை நீரருகே கொண்டுபோன கதைகள் நமக்கு மட்டும் சொந்தமில்லை. 2014 ஜூன் 8 அன்று இமாசலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றில் படம் எடுக்க இறங்கிய ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர், மேலே லார்ஜி அணையில் திறந்துவிட்ட நீரில் அடித்துப் போனார்கள். 2025 ஜூலை 4 அதிகாலை டெக்சஸில் குவாடலூப் ஆற்றங்கரைச் சிறுமியர் முகாம் ஒன்றில் வெள்ளம் புகுந்து, தங்கியிருந்த சிறுமிகளும் பொறுப்பாளர்களுமாக 27 பேர் இறந்தார்கள். பணக்கார நாடு, நூற்றாண்டு பழைய முகாம். கட்டடங்கள் வெள்ளம் வரும் இடத்தில் இருந்தன.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்கு முன் ஆசிரியர் ருசி பார்க்கும் வழக்கம் முகாமிலும் இருந்தால் போதும். தண்ணீரைப் பற்றி மட்டும் ஒன்று. 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தது, பிள்ளைகளுக்கு உடம்பு முடியாமல் போன பிறகுதான். தொட்டியில் ஏறிப் பார்ப்பது என்பது புதுக்கோட்டைக்காரர்களுக்கு இனி ஒரு சம்பிரதாயம் இல்லை.

அந்தப் பெயரைச் சொன்ன பிறகு சாதியைச் சொல்லாமல் போக முடியாது. பல ஊர்ப் பிள்ளைகள் முதல் முறையாக ஒரே பந்தியில் சாப்பிட்டு, ஒரே அறையில் தூங்கும் இடம் முகாம். அதுதான் அதன் அழகு. அதுவே அதன் வெடிமருந்தும். கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்து அறை மாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2023-இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. முகாமில் இதற்குப் பெரிய அறிக்கை வேண்டாம். அறை ஒதுக்கீட்டை ஊர் வாரியாகவோ நண்பர்கள் வாரியாகவோ விடாமல் அகரவரிசையில் போட்டால் பாதிச் சண்டை குறையும். மீதிப் பாதிக்கு இரவு பதினொரு மணிக்கும் விழித்திருக்கும் ஒரு பெரியவர் வேண்டும். மூத்த பிள்ளைகள் இளையவர்களைப் 'பழக்குவது', அலைபேசியில் படம் எடுப்பது, குளியலறைக் கதவைத் தட்டுவது, எல்லாம் நடப்பது பொறுப்பாளர் தூங்கிய பிறகு.

இத்தனையும் படித்துவிட்டு ஒரு தலைமையாசிரியர் என்ன முடிவுக்கு வருவார் என்று எனக்குத் தெரியும். அனுப்ப வேண்டாம். அனுப்பாத தலைமையாசிரியர் யாரும் இதுவரை பணியிடை நீக்கம் ஆனதில்லை. பாதுகாப்பு பற்றிய பேச்சுக்கெல்லாம் இருக்கும் கெட்ட குணம் இது. அது எளிதாகக் கதவடைப்பில் போய் முடியும். கதவு அடைபட்டால் நஷ்டம் யாருக்கு? பணம் கட்டித் தனியார் அகாதமிக்குப் போகும் பிள்ளைக்கு இல்லை. பிலிப்பட்டி போன்ற ஊரில் பந்து உதைக்கும் பெண்ணுக்குத்தான். அவளுக்குப் போட்டி நடக்கும் கல்லூரி வளாகம்தான் ஊருக்கு வெளியே இருக்கும் முதல் உலகம்.

இந்த மாவட்டத்துக்கு இதில் ஒரு நல்ல பாரம்பரியமும் உண்டு. 1991, 92-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது நடந்த அறிவொளி இயக்கம், பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியது. கல்லுடைக்கும் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று ஆயிரக்கணக்கானோர். அப்போதும் ஊர் பயமுறுத்தியது: பெண் சைக்கிள் ஓட்டினால் என்ன ஆகும், ஏது ஆகும் என்று. இயக்கம் பயிற்சியை நிறுத்தவில்லை. ஊர்ப் பொட்டலில், எல்லோர் கண்ணும் படும் இடத்தில் வைத்து நடத்தியது. கேலி செய்தவர்களின் கண்ணும் காவல்தான். இன்றைய முகாம்களிடம் நான் பார்க்கும் குறை, அவை மூடிய அரங்குக்குள் போய்விட்டன. பெற்றோர் முதல் நாள் கொண்டுவிட்டுக் கடைசி நாள் பரிசளிப்புக்கு வந்தால் போதும் என்கிறார்கள். நடுவில் எந்த நேரமும் எந்தப் பெற்றோரும் சொல்லாமல் வந்து பார்க்கலாம் என்று அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும், முகாமின் நடையே மாறிவிடும். அதை எழுத மறுக்கும் முகாமுக்குப் பிள்ளையை அனுப்பாமல் இருப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

அனுமதிக் கடிதம் என்றதும் ஒன்று. நம் பள்ளிகள் கொடுக்கும் கடிதத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் 'ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வரிக்குக் கீழே. அந்த வரி நிர்வாகத்தை எந்தச் சட்டத்திலிருந்தும் காப்பாற்றாது. கவனக்குறைவுக்கான பொறுப்பை ஏழைத் தகப்பனின் கைநாட்டால் துடைத்துவிட முடியாது. அந்த இடத்தில் எழுத வேண்டியது வேறு: வலிப்பு உண்டா, வீசிங் உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, நீந்தத் தெரியுமா, பிள்ளையை யார் வந்து கூட்டிப்போவார், அவர் எண் என்ன.

கடைசியில், திரும்பும் வழி. முகாம்களின் ஏற்பாடெல்லாம் போகும் வழிக்குத்தான். காலையில் பேருந்து நிலையத்தில் எண்ணுவோம், வளாக வாசலில் எண்ணுவோம், சாப்பாட்டுக்கு டோக்கன் கொடுக்க எண்ணுவோம். கோப்பை வாங்கிய பிறகு எண்ணுவதில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் நேரம் அது, பக்கத்தில் கோயிலோ கதவணையோ கடலோ இருக்கும் நேரம். வழியில் எங்கே நிற்கலாம் என்பதைக் கிளம்பும் முன் எழுதி, பள்ளியிலும் வளாகத்திலும் ஒவ்வொரு பிரதி வைத்துவிட்டு, அதில் இல்லாத இடத்தில் வண்டி நிற்காது என்று ஓட்டுநரிடமே சொல்லிவிடலாம். வளாகத்தின் பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்கு நேரே மூன்று கட்டம் போதும்: வந்த நேரம், போன நேரம், வீடு சேர்ந்த நேரம். மூன்றாவதை நிரப்பப் பிலிப்பட்டியிலிருந்து அம்மாவோ தாத்தாவோ போனில் 'வந்துட்டா' என்று சொல்ல வேண்டும். அது வரும்வரை அந்த நோட்டை மூடாமல் வளாகத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், இரவு ஒன்பது மணியானாலும்.